எஞ்சின் இல்லாமல் ஓத ஆற்றில் சின்னப் படகு ஓட்டுவது பற்றி

நீங்கள் கேட்டிருப்பது இது. உங்கள் தாத்தா அதிராம்பட்டினம் பக்கம் தோணி ஓட்டியவர். எஞ்சின் கிடையாது. பாய், துடுப்பு, கழி இந்த மூன்றையும் வைத்துக்கொண்டே ஆற்றுக்குள் போய்த் திரும்பியிருக்கிறார். நீங்கள் சிங்கப்பூரின் பாசிர் ரிஸ்ஸில் இருக்கிறீர்கள், 12 அடிப் படகு ஒன்று கைக்கு வரப்போகிறது. அதே முறையில் இங்கே ஓட்ட முடியுமா, எந்தப் பாய் வாங்கலாம் என்கிறீர்கள். பாயைப் பற்றிக் கேட்டிருந்தாலும், உள்ளே இருக்கும் கேள்வி வேறு என்று நினைக்கிறேன்: எஞ்சின் இல்லாத மனிதர் ஆற்றின் ஓட்டத்தை எதிர்த்து எப்படி மேலே போனார்? அவர் எதிர்த்துப் போகவே இல்லை. கடல் ஆற்றுக்குள் ஏறும் நேரம் பார்த்து அதோடு ஏறினார், வற்றும் நேரம் பார்த்து அதோடு இறங்கினார். கடல் இப்படி ஏறி வற்றுவதுதான் ஓதம். பாய் உதவிக்கு வந்தது, அவ்வளவுதான். நான் காவிரிக் கழிமுகப் பக்கம் வளர்ந்தவன், இங்கே சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் நடுவே உள்ள ஜொகூர் நீரிணையில் பல வருடங்களாகச் சின்னப் பாய்ப்படகு ஓட்டுகிறேன், பிள்ளைகளுக்குக் கற்றும் தருகிறேன். நான் சொல்வதெல்லாம் நாலைந்து மீட்டர் நீளத்துக்கு உட்பட்ட படகுகளுக்குத்தான் பொருந்தும்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நின்ற நீரில் ஒரு ஆள் சலிக்காமல் துடுப்புப் போட்டால் மணிக்கு 2 கடல் மைல் போகலாம். ஓட்டம் ஒன்றரைக் கடல் மைல் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிர்த்துப் போனால் கையில் நிற்பது அரைக் கடல் மைல். கூடப் போனால் மூன்றரை. அதே கை, அதே படகு, அதே வியர்வை, தூரம் மட்டும் ஏழு மடங்கு. ஓட்டம் திரும்பியதும் பழைய ஆட்கள் கரையோரம் நங்கூரம் போட்டுவிட்டுச் சோறாக்கியதும் தூங்கியதும் சோம்பலால் இல்லை, இந்தக் கணக்கால்தான். லண்டனில் தேம்ஸ் ஆற்றுப் படகுக்காரர்களும் பாரப்படகுகளை இப்படித்தான் நகர்த்தினார்கள். 30 டன் படகை நீளத் துடுப்புகளால் மட்டும் ஓதத்தோடு ஓட்டும் பந்தயம் அங்கே இன்னும் நடக்கிறது. நம் சிங்கப்பூர் ஆற்றிலும் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கப்பலுக்கும் கரைக்கும் சரக்கு ஏற்றி இறக்கியவர்களில் பெரும்பங்கு சூலியாக்கள் என்று அழைக்கப்பட்ட தமிழ் முஸ்லிம்கள். பிறகுதான் அந்தத் தொழில் சீனப் படகுக்காரர்கள் கைக்குப் போனது. அவர்கள் எல்லோருக்கும் வேலை நேரத்தை வகுத்துக் கொடுத்தது ஓதம்.

சரி, நேரத்தை எப்படித் தெரிந்துகொள்வது? உறுதியாகச் சொல்லக்கூடியதை முதலில் சொல்கிறேன். ஏற்றத்துக்கும் அடுத்த வற்றத்துக்கும் இடையே சுமார் ஆறே கால் மணி நேரம். நாளுக்கு நாள் எல்லாம் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும். அமாவாசை, பௌர்ணமி கழிந்து ஓரிரு நாளில் ஏற்றமும் வற்றமும் உச்சத்தில் இருக்கும். அட்டமி கழிந்து நவமி, தசமி வாக்கில் நீர் மந்தமாக இருக்கும். லிட்டில் இந்தியாவில் வாங்கும் தினசரி நாட்காட்டியில் திதி போட்டிருக்கும் அல்லவா, ஓதம் இன்றைக்கு வலுவா மந்தமா என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம். உங்கள் தாத்தா அப்படித்தான் சொல்லியிருப்பார். ஆனால் மணிக்கணக்குக்குத் திதியை நம்ப வேண்டாம். அதற்குச் சிங்கப்பூருக்கென்று வெளியாகும் ஓத அட்டவணை இருக்கிறது. அதில் உயரமும் நேரமும் இரண்டும் இருக்கும்.

இங்கே ஒரு முக்கியமான வித்தியாசம். பாக் நீரிணைப் பக்கம் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள உயர வித்தியாசம் ஒரு மீட்டருக்குள்தான். சிங்கப்பூரில் வலுவான நாட்களில் அது 3 மீட்டரை நெருங்கும். அதனால் ஊரில் சாதாரணமாகச் செய்த சில காரியங்கள் இங்கே ஆபத்தாகிவிடும். படகைக் கரையில் கட்டிவிட்டு டீ குடித்துவிட்டு வந்தால், ஊரில் கயிறு கொஞ்சம் தொய்ந்திருக்கும். இங்கே படகு கயிற்றில் தொங்கிக்கொண்டிருக்கும், இல்லையென்றால் சேற்றின் நடுவே உட்கார்ந்திருக்கும். அப்புறம், ஒரே நாளின் இரண்டு ஏற்றங்களும் இங்கே ஒரே உயரம் வராது. காலை ஏற்றத்தில் தாண்டிய மணல்மேட்டை இரவு ஏற்றத்தில் தாண்ட முடியாமல் போகலாம். எந்த ஏற்றம் பெரியது என்பதை அட்டவணையில் ஒவ்வொரு நாளும் பார்த்தாக வேண்டும்.

இடைப்பட்ட நேரத்தில் நீர் எவ்வளவு ஏறியிருக்கும் என்பதற்கு ஒரு பழைய வாய்க்கணக்கு உண்டு. மொத்த உயரத்தைப் பன்னிரண்டு பங்காக்கி, ஆறு மணி நேரத்துக்கும் முறையே 1, 2, 3, 3, 2, 1 என்று பிரிப்பது. 2.4 மீட்டர் ஏற்றம் என்றால் முதல் மணியில் 20 செ.மீ., இரண்டாவதில் 40, மூன்றாவதிலும் நான்காவதிலும் 60, பிறகு 40, கடைசியில் 20. இதை ஒரு தோராயமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்றங்கள் சமமில்லாத சிங்கப்பூர் நீரில், அதுவும் மந்த நாட்களில், இந்தக் கணக்கு நன்றாகவே தவறும். ஆனால் நடு இரண்டு மணி நேரத்தில்தான் நீர் வேகமாக ஓடும் என்ற அடிப்படை பெரும்பாலும் நிற்கும்.

புதிதாக வருகிறவர்கள் அதிகம் குழம்புவது ஒரு விஷயத்தில். நீர்மட்டம் திரும்புவதும் ஓட்டம் திரும்புவதும் ஒன்றல்ல. அட்டவணை சொல்வது மட்டத்தை. ஆற்று வாயில் மட்டம் ஏறத் தொடங்கிய பிறகும், உள்ளே தேங்கிய நீர் சிறிது நேரம் வெளியே ஓடிக்கொண்டேயிருக்கும். அதோடு அட்டவணை ஓர் இடத்துக்குத்தான் கணக்கிடப்பட்டது. ஆற்றுக்குள் போகப் போக உச்சம் தாமதமாகத்தான் வந்து சேரும். மேலே போகிறவருக்கு இது லாபம். ஏற்றம் உங்களோடு கூடவே ஏறி வருவதால் உதவியான ஓட்டம் ஆறு மணி நேரத்துக்கு மேலும் கிடைக்கலாம். இறங்குகிறவருக்கு நஷ்டம். கீழிருந்து வரும் அடுத்த ஏற்றத்தைப் பாதி வழியில் சந்திப்பீர்கள். எனவே போன நேரத்துக்கே திரும்பிவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். குறிப்பிட்ட ஓடையில் எத்தனை நிமிடத் தாமதம் என்பதை எந்த அட்டவணையும் சொல்லாது. அதை நீங்களே கரையில் உட்கார்ந்து பார்த்துக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பார்ப்பது எப்படி? அலையாத்தி வேர்களைக் கவனியுங்கள். நீர்க்கோட்டுக்கு மேலே கருத்து மின்னும் ஈரப்பட்டை ஒரு விரற்கடை அகலம் இருந்தால் நீர் இறங்கத் தொடங்கிவிட்டது. நீர் நேராக உலர்ந்த சேற்றை நனைத்துக்கொண்டிருந்தால் இன்னும் ஏறுகிறது. இது மட்டம். ஓட்டத்துக்கு, பழுத்து விழுந்த இலை எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள், கரையோரம் ஒன்று, நடுவில் ஒன்று. கரையோரத்து இலை முதலில் திசை மாற்றும், நடு ஓட்டம் பிறகுதான் மாறும். இந்த இடைவெளிதான் துடுப்புக்காரனுக்குக் கிடைக்கும் சலுகை. நடுவில் இன்னும் எதிர் ஓட்டம் இருக்கும்போதே கரையை ஒட்டிக் கிளம்பிவிடலாம். வளைவுகளில் வெளிப்புறம்தான் ஆழமும் வேகமும். உட்புறம் ஆழம் குறைவு, ஓட்டம் மெதுவாக இருக்கும், சில இடத்தில் எதிர்ச்சுழல்கூட இருக்கும். ஓட்டத்தோடு போகும்போது வெளி வளைவை ஒட்டிப் போங்கள். எதிர்த்துக் கொஞ்ச தூரம் போயே தீர வேண்டும் என்றால் உள் வளைவிலிருந்து அடுத்த உள் வளைவுக்குத் தாவித் தாவிப் போங்கள்.

அடுத்தது ஆழம். தெரியாத ஓடையை அறிந்துகொள்ளச் சிறந்த நேரம் ஏற்றத்தின் பாதி. சேற்றுமேடுகள் இன்னும் வெளியே தெரியும், வாய்க்கால் எங்கே என்று கண்ணால் பார்க்கலாம், தட்டி நின்றாலும் சில நிமிடத்தில் நீரே தூக்கிவிடும். வற்றத்தில் தட்டினால் அந்தக் கணமே கழியால் தள்ளி வெளியேற வேண்டும். ஐந்து நிமிடம் யோசித்தால் அடுத்த ஏற்றம் வரை அங்கேதான். பௌர்ணமியை ஒட்டிய மிக உயர்ந்த ஏற்றத்தில் போய் மேட்டில் உட்கார்ந்துவிட்டால் இன்னும் மோசம், ஏனென்றால் அடுத்தடுத்த ஏற்றங்கள் ஒவ்வொன்றும் உயரம் குறைந்துகொண்டே போகும். இரண்டு வாரம் படகு அங்கேயே கிடக்க நேரலாம். தலைக்கு மேலே இருப்பதையும் பார்க்க வேண்டும். சிங்கப்பூர் ஆற்றுக் கேவனாக் பாலம் 1869 வாக்கில் கட்டியது, இன்றும் நடந்து கடக்கிறோம். உயரம் போதாததால் நீர் ஏறியிருக்கும்போது சரக்குப் படகுகள் அதன் அடியில் நுழைய முடியாமல் நீர் இறங்கக் காத்துக் கிடந்திருக்கின்றன. ஏற்றம் கீழே கொடுக்கும் ஆழத்தை மேலே எடுத்துக்கொள்ளும். அதனால் கையால் பிடுங்கிப் படுக்க வைக்கக்கூடிய பாய்மரம்தான் ஆற்றுக்கு ஏற்றது.

பழைய முறையில் நங்கூரம் நிற்பதற்கு மட்டும் இல்லை. ஓட்டத்தோடு மிதக்கும் படகு நீரின் அதே வேகத்தில் போவதால் சுக்கானுக்குப் பிடிப்பே இருக்காது, திருப்பினால் திரும்பாது. குறுகிய ஆற்றில் இது பெரிய சிக்கல். ஒரு வழி, துடுப்பாலோ பாயாலோ நீரை விடக் கொஞ்சம் வேகமாகப் போவது. இன்னொரு வழி, நீரை விட மெதுவாகப் போவது. நங்கூரக் கயிற்றைக் குறைத்து விட்டு, நங்கூரம் தரையைக் கவ்வாமல் உரசிக்கொண்டே வரும்படி செய்வார்கள். படகு முகத்தை ஓட்டத்துக்கு எதிரே வைத்துக்கொண்டு பின்பக்கமாக மெல்ல இறங்கும். நீர் படகைத் தாண்டி ஓடுவதால் சுக்கான் வேலை செய்யும், நினைத்த பக்கம் ஒதுங்கலாம். கயிற்றை இன்னும் விட்டால் நின்றுவிடும், இழுத்தால் நகரும். சின்னப் படகுக்கு நங்கூரத்துக்குப் பதில் கொஞ்சம் சங்கிலியே போதும். மெல்லிய சேற்றுத் தரையில் அருமையாக வரும். பாறையிலும் வேர்களுக்கு நடுவிலும் மாட்டிக்கொள்ளும், அங்கே முயலாதீர்கள். ஜொகூர் நீரிணையில் கடலடிக் கம்பிகளும் குழாய்களும் போகும் இடங்களில் நங்கூரமே போடக் கூடாது. வரைபடத்தில் குறித்திருக்கும்.

கழியைப் பற்றி ஒரு வார்த்தை. மூங்கிலில் முழத்துக்கு ஒரு கோடு போட்டு வைத்துக்கொண்டால் ஆழம் அளக்கவும் அதுவே ஆகும். சேறு கழியைப் பிடித்துக்கொண்டால் கழியை விட்டுவிடுங்கள், படகை விடாதீர்கள். எடுக்கும்போது லேசாகத் திருகிக்கொண்டே இழுத்தால் சேறு விட்டுவிடும்.

இப்போது காற்று. அலையாத்திக்கு நடுவில் எந்தக் காற்றையும் நான் நம்புவதில்லை. மரச்சுவர் மறைவில் துளி அசைவிருக்காது, ஒரு இடைவெளி வந்ததும் பக்கவாட்டில் அறையும். பாய்க்கயிற்றை எந்தக் காரணத்துக்காகவும் கட்டி வைக்காமல் கையிலேயே பிடித்திருங்கள். ஓட்டம் காற்றை எப்படி மாற்றுகிறது என்பது கொஞ்சம் யோசித்தால்தான் பிடிபடும். காற்றே இல்லாத காலையில் 2 கடல் மைல் ஓட்டத்தில் மிதந்தால் முகத்தில் 2 கடல் மைல் காற்று படும். படகே காற்றுக்குள் சுமந்து செல்லப்படுவதால் உண்டாகும் காற்று அது. லேசான படகில் பாயை ஏற்றி அந்தக் காற்றுக்குச் சரிவாகக் குறுக்கும் மறுக்குமாக ஓட்டினால் ஓட்டத்தை விடவும் முன்னால் போகலாம். இதையே மறுபக்கமாகப் பாருங்கள். காற்றும் ஓட்டமும் ஒரே திசை என்றால், ஓட்டத்தின் வேகம் காற்றின் வேகத்திலிருந்து கழிந்துபோகும், லேசான காற்றில் பாய் தொங்கிப்போகும். எதிரெதிர் என்றால் பாய் நிறையும், ஆனால் ஆற்று வாயில் நெருக்கமான செங்குத்து அலைகள் எழும்பும். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் டிசம்பர் முதல் மார்ச் வரை, கிழக்கு ஜொகூர் நீரிணையில் ஓதம் சாங்கிப் பக்கமாக வெளியேறும் நேரத்தில் இதைப் பார்க்கலாம். 12 அடிப் படகுக்கு அது இடம் இல்லை.

சிங்கப்பூரில் எங்கே ஓட்டுவது என்பதுதான் கஷ்டமான பகுதி. ஓதம் ஏறி இறங்கும் ஆறு இங்கே அதிகம் மிச்சமில்லை. கிராஞ்சி 1975இல் நீர்த்தேக்கமானது, கீழ் சிலேத்தார் 1986இல், மரினா அணைக்கட்டு 2008இல் வந்ததோடு சிங்கப்பூர் ஆறும் காலாங்கும் ஓதத்தை இழந்தன, பொங்கோலும் சிராங்கூனும் 2011இல் நீர்த்தேக்கங்களாயின. குடிநீருக்காகச் செய்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தாத்தாவின் முறையைக் கற்க நினைப்பவருக்கு அங்கே ஒன்றும் கிடைக்காது. பாய் பிடிக்கப் பழக மட்டும் அவை நல்ல இடம். உங்கள் வீட்டுப் பக்கம் சுங்கை ஆப்பி ஆப்பியும் சுங்கை தெம்பனிஸும் இன்னும் ஓத நீர்தான். ஆனால் குறுகலானவை, பூங்கா நடுவே போகிறவை. அவற்றைக் கரையிலிருந்து கவனித்துப் படிக்கப் பயன்படுத்துங்கள், நடைபாதைப் பாலத்திலிருந்தே மேலே சொன்ன இலைப் பாடம் முழுவதையும் படித்துவிடலாம். படகோடு போக ஏற்றது புலாவ் உபின் தீவு. ஒரு காலத்தில் ஓத ஆறுகள் பிரித்த பல தீவுகளாக இருந்து, இறால் பண்ணைக்கு வரப்புப் போட்டதில் ஒன்றானது அது. அங்கே சுங்கை ஜெலுத்தோங் ஓடைக்குள் துடுப்புப் படகில் ஆட்களைக் கூட்டிப் போகிறார்கள். முதலில் அவர்களோடு ஒரு தடவை போய்வாருங்கள். ஜொகூர் ஆறுதான் உண்மையான பெரிய ஓத ஆறு, ஆனால் அது மலேசியா. நீரிணை நடுவில் எல்லை ஓடுகிறது. ஓட்டம் இழுத்துக்கொண்டு போனது என்றாலும் எல்லையைத் தாண்டினால் தாண்டியதுதான். சட்ட விஷயத்தில் என் பேச்சை வைத்து முடிவெடுக்காதீர்கள். எஞ்சின் பொருத்திய உல்லாசப் படகை ஓட்ட உரிமம் தேவை என்பது உறுதி. எஞ்சின் இல்லாத உங்கள் படகுக்கு என்ன வேண்டும், எங்கே இறக்கலாம் என்பதைக் கடல்துறை, துறைமுக ஆணையத்திடமும், பூங்காப் பகுதி என்றால் தேசியப் பூங்காக் கழகத்திடமும் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்று ஆபத்துகள். முதலாவது சுமத்ரா புயற்காற்று. ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் விடியலுக்கு முன்பிருந்து முற்பகலுக்குள் மேற்கிலிருந்து வரும். மேற்கு வானில் கரிய மேகம் ஒரு நேர்கோடாகத் தெரிந்து, இருக்கும் காற்று சட்டென்று நின்றால் பாயை இறக்கிவிட்டுக் கரைக்கு வந்துவிடுங்கள், யோசிக்காதீர்கள். இரண்டாவது மின்னல். இங்கே பிற்பகல் இடிமழை எப்படி என்று உங்களுக்குத் தெரியும். திறந்த நீரில் பாய்மரம்தான் உயர்ந்த பொருள். மூன்றாவது சேறு. சிக்கிய படகை விட்டு இறங்கி நடக்க நினைக்காதீர்கள். தொடை வரை இறங்கும், சிப்பி காலைக் கிழிக்கும், உப்புநீர் முதலைகளும் இந்தக் கரைகளில் உண்டு, சுங்கை பூலோ சதுப்புநிலத்தில் பலரும் பார்த்ததுதான். தண்ணீர், விசில், போனுக்கு நீர் புகாத உறை, மிதவைச் சட்டை இவற்றோடு படகிலேயே உட்கார்ந்திருங்கள். நீர் திரும்பி வரும்.

முதல் தடவைக்கு நாள் எப்படித் தேர்வது என்றும் சொல்லிவிடுகிறேன். மந்தம் முடிந்து ஏற்றம் நாளுக்கு நாள் வளரத் தொடங்கும் நாட்கள், அதாவது ஏகாதசி, துவாதசி வாக்கில். ஓட்டம் இன்னும் மெதுவாக இருக்கும், ஒருவேளை தட்டி நின்றாலும் பின்னால் வரும் ஏற்றங்கள் உயர்ந்துகொண்டே போகும். உச்சத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் நுழையுங்கள், நீர் நிலைக்கும்போது எங்கே இருந்தாலும் அங்கேயே திரும்புங்கள், வற்றத்தின் முதல் இரண்டு மணி நேரத்துக்குள் ஓடை வாய்க்கு வந்துவிடுங்கள். அதற்கு முந்தைய வலுவான வற்றத்தில் ஒரு நாள் போய் மேடுகளைக் கரையிலிருந்து படம் எடுத்து வைத்திருந்தால் நல்லது. முதல் சில தடவை பாயே வேண்டாம், துடுப்பு, கழி, நங்கூரம் போதும்.

பாய் என்று வரும்போது, ஊர்த் தோணியின் நீளப் பருமல் கொண்ட பாயை இங்கே வைக்காதீர்கள். அந்த நீண்ட கழி ஓடையில் கிளைகளில் மாட்டும். குட்டையான மரம், பாயின் மேல் மூலையைச் சாய்வாகத் தாங்கும் ஒரு கழி, கீழே குறுக்குக் கட்டை இல்லாதது, ஒரே கயிற்றை இழுத்தால் மரத்தோடு சுருண்டுகொள்ளும் மாதிரி, சுமார் 4 சதுர மீட்டர். நடுவில் நீருக்குள் இறக்கும் பலகை இல்லாத படகு என்றால் பக்கவாட்டில் நழுவும், படகின் பக்கத்தில் நீருக்குள் தொங்கும் பக்கப்பலகை ஒன்று கட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். படகின் அடிப்பகுதியைப் படம் எடுத்துப் போடுங்கள், தட்டையா, நடுவில் கட்டை ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு அளவு சொல்கிறேன்.